மோப்பக்காரி வெர்னா படித்த படிப்பு

எங்கள் ஊரில் வெர்னா கில்லிஸ் என்ற பெயரில் மூன்று பெண்கள் இருந்தார்கள். ஒருத்தி மாதா கோயிலில் ஆர்கன் வாசிப்பவள். அவள் ஆர்கன் வெர்னா. இன்னொருத்தியின் வீட்டுக்காரன் சுரங்கத்தில் இரண்டு விரலைப் பறிகொடுத்தவன். அதனால் அவள் எட்டுவிரல் வெர்னா. விரல் போனது அவனுக்கு, பெயர் வந்தது அவளுக்கு. மூன்றாமவள்தான் மோப்பக்காரி வெர்னா. பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் கேப் பிரெட்டன் தீவுக்காரர்களை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை வைத்தால் சாகும்வரை ஒட்டிக்கொள்ளும்.

பெயர் சும்மா வரவில்லை. பால் கெட்டுவிட்டதா என்று முகர்ந்து பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். வெர்னா கடித உறையை முகர்வாள். வந்தவர் கழற்றி மாட்டிய கோட்டை முகர்ந்து, எங்கே போய்விட்டு வருகிறார் என்று சொல்வாள். அவள் கணவன் ரோரி ஆல்பர்ட்டாவுக்கு எண்ணெய் வயல் வேலைக்குக் கிளம்பியபோது, "அங்க குளிர் ஜாஸ்தின்றாங்க, ஆனா என் சட்டையை மோந்து பார்க்க ஆளிருக்காது" என்றான். போனவன் திரும்பி வரவில்லை. அவனுக்கு வேறொருத்தி உண்டு என்று வெர்னாவின் மூக்கு சொன்னது உண்மைதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

சந்தேகம் அவளுக்குத் தாய்வழிச் சொத்து. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருநாள் வீட்டு முன்கதவை யாரோ தட்டினார்கள். எங்கள் ஊரில் யாரும் முன்கதவு வழியாக வருவதில்லை, யாரும் தட்டுவதுமில்லை. பின்பக்கமாக வந்து, கதவைத் தள்ளித் திறந்து, சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து "தேநீர் இருக்கா?" என்பதுதான் வழக்கம். முன்கதவைத் தட்டுகிறவர்கள் பாதிரியார், போலீஸ், பிள்ளைகளை ஒழுங்காக வளர்க்கிறார்களா என்று பார்க்க வரும் வெல்ஃபேர்காரர்கள். மூன்று பேருமே நல்ல சேதி கொண்டுவந்ததாகச் சரித்திரம் இல்லை. அன்று வந்தது வெல்ஃபேர். கையுறை போட்ட இரண்டு பெண்கள் ரொட்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்த்தார்கள், வெர்னாவையும் அவள் அக்கா பெர்னிஸையும் சட்டையைத் தூக்கச் சொல்லி முதுகைப் பார்த்தார்கள். குறை ஒன்றும் அகப்படவில்லை. போகிற போக்கில் ஒருத்தி, "யாரோ சொன்னாங்க, அதான் வந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

யார் சொன்னது? அம்மா அந்தக் கேள்வியோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தினாள். எதிர்வீட்டுக்காரி சூப் கொண்டுவந்து கொடுத்தால் சிரித்து வாங்கிக்கொள்வாள், அவள் தலை மறைந்ததும் தொட்டியில் கொட்டுவாள். சாகக் கிடந்தபோதுகூட, பார்க்க வந்த பெண்களின் முகத்தை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அம்மாவுக்குப் பகலிலும் பேய்தான்.

வெர்னா முதியவர்களை வீட்டில் போய்க் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுக்கும் வேலையில் இருபது வருடம் இருந்தாள். ஒரு கிழவரின் கையில் நீலம் பாரித்திருந்தது. கட்டிலில் இடித்துக்கொண்டார் என்றான் மகன். வெர்னாவின் மூக்கு ஒப்பவில்லை. அந்த நீலத்தில் நான்கு விரல் தெரிகிறது என்று நர்ஸிடம் சொன்னாள். மகன் அடிக்கிறவன்தான் என்று பிறகு தெரிந்தது, கிழவர் பிழைத்தார். "உங்களுக்கு இருக்கிற கண்ணுக்கு நீங்க சமூகப்பணி படிக்கணும்" என்று அந்த நர்ஸ் வாய்தவறிச் சொன்னாள். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டு வெர்னா நாற்பது வயதில் கல்லூரிக்குப் போனாள். பட்டம் வாங்கினாள். அது போதாதென்று ஹாலிஃபாக்ஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி மேற்படிப்பில் சேர்ந்தாள். அதை முடித்தால்தான் சமூகப்பணியாளர் என்று பதிவு செய்துகொள்ள முடியும் என்று அவளிடம் சொல்லியிருந்தார்கள்.

சேதி பரவியதும் இப்போது ஊர் அவளை மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது. சீட்டாட்ட மேசையில் அவள் வந்து உட்கார்ந்தால் பியர் பாட்டில்கள் தரைக்கு இறங்கின. பெர்னிஸ் வாய்விட்டே கேட்டாள்.

"ஏண்டி வெர்னா, நான் பேரனை அடிச்சேன்னு எழுதிக்குவியா? இப்பவே சொல்லிடறேன், அடிக்கல. காதைத்தான் திருகினேன்."

"விளையாடாதேக்கா."

"யாரு விளையாடறா? அம்மா மட்டும் இருந்திருந்தா உன்னைப் படியேற விட்டிருக்கமாட்டா. வெல்ஃபேர்காரியாகறதுக்கு ஒருத்தி படிப்பாளா?"

"அந்தப் பக்கம் போய் உக்காந்தாத்தானேக்கா அங்க என்ன நடக்குதுன்னு தெரியும்."

அதுதான் அவள் படிக்கப் போன காரணம். ஏழைகளுக்குச் சேவை செய்யப் போகிறேன் என்றெல்லாம் விண்ணப்பத்தில் எழுதியிருப்பாள், எல்லோரும் எழுதுவதுதானே. உண்மையில், கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அவளுக்குத் தூக்கம் வராது.

ஒருநாள் பக்கத்து வீட்டு மார்கி பின்கதவைத் தட்டினாள். பிறந்ததிலிருந்து தட்டாமல் நுழைந்தவள். "என்னடி இது, தட்டறே?" என்று வெர்னா கேட்டதற்கு, "இல்ல, எதுக்கும்…" என்று இழுத்தாள். மார்கி போனபின் வெர்னா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்ததும், மார்கி எதையோ மறைக்கிறாள் என்ற முடிவுக்கு வந்தாள்.

வகுப்புகள் பாதி கணினித் திரையிலும் பாதி ஹாலிஃபாக்ஸிலுமாக நடந்தன. கூடப் படித்தவர்கள் அவளுக்குப் பிள்ளைகளாக இருக்க வேண்டிய வயதினர். ஆசிரியை எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்து, "இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு, மனசுவிட்டுச் சொல்லுங்க" என்பார். பிள்ளைகள் கண்ணீரும் கம்பலையுமாகச் சொல்வார்கள். வெர்னாவின் முறை வந்தால், "எதுக்குக் கேட்கறீங்க?" என்பாள். நேர்காணல் பயிற்சியில் டாம்சின் என்ற பெண் கஷ்டப்படும் தாயாக நடிக்க, வெர்னா சமூகப்பணியாளராக நடிக்க வேண்டும். வெர்னா கேட்ட கேள்விகளில் அந்தப் பெண் நிஜமாகவே அழுதுவிட்டாள்.

"மேடம், எனக்குப் பிள்ளையே கிடையாது! நான் சும்மா நடிக்கிறேன்!"

"அதையும் சரிபார்க்கணும்" என்றாள் வெர்னா. வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

இரண்டாம் வருடம் களப்பயிற்சி. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் நல அலுவலகத்தில் போட்டார்கள். மேற்பார்வைக்கு ஓடெட் சுரெட் என்ற அம்மாள். மேற்குக் கரையில் பிரெஞ்சு பேசும் மீனவர் குடும்பத்துப் பெண், பேச்சு குறைவு, எப்போதும் இருமல் மிட்டாய் வாயில். ஒரு வீட்டுக்குப் போய் வந்தால் பயிற்சி மாணவர்கள் மூன்று கட்டமாக எழுத வேண்டும். முதல் கட்டத்தில் பேசியது, பேசியபடியே. இரண்டாவதில் கண்ணால் பார்த்தது. மூன்றாவதில் தன் மனதில் பட்டது: பயம், கோபம், சந்தேகம் எதுவானாலும்.

முதல் இரண்டில் வெர்னா எழுதித் தள்ளினாள். மூன்றாவதில் எப்போதும் "ஒன்றும் இல்லை" என்றே எழுதினாள்.

"மனுஷியா கல்லா நீங்க?" என்று ஓடெட் ஒருநாள் கேட்டாள். "ஒரு வீட்டுக்குள்ள போறீங்க, மனசுல ஒண்ணுமே படலியா?"

"பட்டதெல்லாம் பார்த்ததுலயே இருக்கு."

"அதான் எனக்குப் பயம்" என்றாள் ஓடெட்.

வெர்னாவுக்கு அது விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள விருப்பமும் இல்லை. மனதில் பட்டதை எழுதச் சொல்வது பொறி என்று அவள் நினைத்தாள். சந்தேகம் என்று எழுதினால், உனக்கு எல்லாரையும் சந்தேகம், நீ இந்த வேலைக்கு ஆகமாட்டாய் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாமாகப் போய் எலிப்பொறியில் தலையைக் கொடுப்பானேன்?

அவளுக்கு வந்த குடும்பம் கெல்சி வாடன். இருபத்துமூன்று வயது, ஒடிசலான பெண், வெர்னாவின் தோள் உயரம்கூட வரமாட்டாள். பழைய சுரங்கக் கம்பெனி கட்டிய இரட்டை வீட்டில் ஒரு பாதியில் இருந்தாள், மறுபாதி காலி. கால் சென்டரில் வேலை. கூட வாழ்ந்த டெரல் என்பவன் முந்தைய குளிர்காலத்தில் அடுப்படியை அடித்து நொறுக்கி அவள் தாடையையும் உடைத்தபோது, நான்கு வயது மகள் ஐவி மேசைக்கடியில் இருந்தாள். ஐவியை வளர்ப்பு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். டெரல் கெல்சி வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. மிதிக்காமல் இருந்தால் வசந்தத்தில் நீதிமன்றம் பிள்ளையைத் தாயிடம் திருப்பிக் கொடுக்கும். ஏற்கெனவே சனிக்கிழமைகளில் ஐவி வீட்டுக்கு வந்து ஒரு ராத்திரி தூங்கிப் போகத் தொடங்கியிருந்தாள். வாராவாரம் போய்ப் பார்த்து எழுதுவது வெர்னாவின் வேலை.

முன்கதவைத் தட்ட வேண்டும் என்பது அலுவலக விதி. தட்டினாள். குளிருக்காகக் கதவு முழுக்க பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது. "பின்பக்கம் வாங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. பனியில் சுற்றிக்கொண்டு போனபோதே வெர்னா அதைப் பார்த்துவிட்டாள். வீட்டைச் சுற்றிக் காலடித் தடங்கள். பெரிய ஆளின் கால், அகல எட்டு. ஜன்னலுக்கடியில் கொஞ்சம் நின்றிருக்கிறான், பிறகு பின்கதவுக்குப் போயிருக்கிறான். பின்கதவுக்கருகே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது, சுரங்கத்து ஆட்கள் போடுகிற மாதிரி, இரும்பு முனையோடு. உள்ளே ரேடியோவில் ஒரு ஆண்குரல் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது.

கெல்சி தேநீர் ஊற்றினாள். ஓட்ஸ் பிஸ்கெட் வைத்தாள்.

"வெளியில பூட்ஸ் இருக்கே, யாரோடது?"

"அப்பாவோடது."

"அப்பா தவறிட்டார்னு போன வாரம் சொன்னே."

"ஆமா."

"உள்பக்கம் ஈரமா இருக்கு."

கெல்சி கோப்பையைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த கோப்பைதான். "பனி உள்ள விழுந்திருக்கும்" என்றாள்.

"வேற யாராவது வந்து போறாங்களா கெல்சி?"

"யாரும் வரல. நீங்கதான் வர்றீங்க. சத்தியமா நீங்க மட்டும்தான்."

சத்தியம் பண்ணுகிறவளை நம்பக் கூடாது என்பது வெர்னாவின் வேதம். செத்தவன் பூட்ஸில் ஈரம் எப்படி வரும்? கிழவர் கையில் நான்கு விரலைக் கண்டுபிடித்த கண் இது. வண்டியில் ஏறும்போது அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. ஒளித்து வைத்ததைக் கண்டுபிடித்தவனுக்கு வருகிற சந்தோஷம். அன்று மாலை இரண்டாம் கட்டத்தில் எழுதினாள்: "வீட்டில் ஆண் ஒருவர் இருந்து வருகிறார்." மூன்றாம் கட்டத்தில்: "ஒன்றும் இல்லை."

அந்த வாரம் ஓடெட் காய்ச்சலில் படுத்துவிட்டாள். இருந்திருந்தால் அந்த வரியைக் கையில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டிருப்பாள். கெல்சியின் கோப்புக்குப் பொறுப்பான அதிகாரி அதை எழுதியிருந்தபடியே எடுத்துக்கொண்டார். பார்த்தது என்ற கட்டத்தில் இருந்தால் பார்த்ததுதானே, அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சனிக்கிழமை வீட்டுக்குப் போவது நின்றது. இனி தாயும் மகளும் அலுவலக அறையில், ஒரு ஆள் உட்கார்ந்து பார்க்க, ஒரு மணி நேரம் சந்திக்கலாம். வசந்தத்தில் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று நீதிமன்றத்தில் சொல்லவும் யோசித்தார்கள்.

உட்கார்ந்து பார்க்கிற ஆளாக வெர்னாவைப் போட்டார்கள்.

ஐவி தூங்கும் உடுப்பு வைத்த பையை முதுகில் மாட்டிக்கொண்டு வந்தாள். "எப்ப வீட்டுக்குப் போறோம்?" என்றாள். கெல்சி கரடிப் பொம்மைக்குத் தொப்பி மாட்டினாள். நேரம் முடிந்து வளர்ப்புத் தாய் கூப்பிட வந்தபோது ஐவி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிள்ளை போனபின் கெல்சி வெர்னாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு சொன்னாங்க?"

அது வெர்னாவின் அம்மாவுடைய கேள்வி. முப்பது வருடம் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்த கேள்வி. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தானே படிக்க வந்தாள்? இப்போது தெரிந்துவிட்டது. அங்கே அவளேதான் உட்கார்ந்திருந்தாள்.

"அதெல்லாம் சொல்ல முடியாது" என்றாள்.

"பக்கத்துத் தெரு ஃப்ளோராவா? அவளுக்கு என்னைப் பிடிக்காது. அவதானே?"

"எனக்குத் தெரியாது கெல்சி."

பொய் சொல்லியாயிற்று. வீட்டுக்குப் போனவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்போதும் தன்மேல் சந்தேகம் வந்ததா என்றால், இல்லை. டெரல் அங்கேதான் இருக்கிறான், கண்ணால் பார்த்துவிட்டால் மனது அடங்கிவிடும் என்றுதான் தோன்றியது. பாம்பென்று அடிக்கவும் முடியாமல் பழுதென்று தாண்டவும் முடியாமல் அந்த வாரத்தைக் கழித்தாள். அடுத்த பனி கொட்டி நின்ற காலையில், விடிந்தும் விடியாததுமாக எழுந்து, வண்டியை எடுத்துக்கொண்டு போய், கெல்சி வீடு தெரிகிற தூரத்தில் பூட்டிக்கிடந்த தேவாலயக் கூடத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். மாணவர்கள் இப்படி வேவு பார்க்கக் கூடாது என்று முதல் வாரமே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். தெரிந்தேதான் செய்தாள்.

புதுப்பனியில் ஒரு தடமும் இல்லை. கெல்சி வீட்டில் விளக்கு எரிந்தது. பின்கதவு திறந்தது. வெர்னா முன்னால் சாய்ந்தாள்.

வெளியே வந்தது கெல்சி. இரவு உடைக்குமேல் கோட்டு, காலில் அந்த பூட்ஸ். அவளுக்குத் தொடை வரைக்கும் வந்தது. கீழே இறங்கி, ஒரு காலைத் தூக்கி முடிந்தவரை தூரத்தில் வைத்தாள். பிறகு அடுத்த கால். ஆம்பிளை நடக்கிற மாதிரி, அகல எட்டு வைத்து, ஒவ்வொன்றையும் அழுத்தி மிதித்து, வீட்டைச் சுற்றிப் போனாள். ஜன்னலுக்கடியில் நின்று, இரண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்தாள். இரண்டுமுறை தடுக்கி விழுந்தாள், விழுந்த இடத்தைக் கையால் நிரவினாள். சாலையைப் பார்த்து ஒரு வரிசை போய், தன் தடத்திலேயே பின்பக்கமாக மிதித்துத் திரும்பி வந்தாள். தனியாக இருக்கிற பெண்கள் வாசலில் ஆம்பிளை பூட்ஸைப் போட்டுவைப்பது எங்கள் தீவில் புதுசில்லை. வெர்னாவின் அம்மாகூட விதவையான பின் வைத்திருந்தாள். படிப்பதற்கு முன்பாக இருந்தால் வெர்னா அந்த பூட்ஸைப் பார்த்ததும், பாவம் பயந்துகிடக்கிறாள் என்றுதான் நினைத்திருப்பாள். ஆனால் பூட்ஸைப் போட்டு நடக்கிறவளை அவள் அதுவரை கண்டதில்லை.

வெர்னா வண்டியைவிட்டு இறங்கினாள். பனியில் காலடிச் சத்தம் கேட்டதும் கெல்சி அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினாள். அந்த பூட்ஸோடு ஓட முடியாமல் படியில் விழுந்தாள்.

"நான்தான் கெல்சி. வெர்னா."

கெல்சி எழுந்திருக்காமலே அவளைப் பார்த்தாள். பிறகு கூடத்துக்குப் பின்னால் நின்ற வண்டியைப் பார்த்தாள். "எவ்வளவு நேரமா அங்க நிக்கிறீங்க?"

"எதுக்கு இப்படி நடக்கறே?"

"டெரல் வண்டிய மெதுவா ஓட்டிட்டுப் போறான். பனி பெஞ்சா இறங்கி வந்து பார்க்கிறான், தடம் இருக்கான்னு. ஒரு ஆம்பிளை இருக்கான்னு தெரிஞ்சா போயிடறான். தைரியசாலி இல்ல அவன், பொம்பளைகிட்டதான் வீரம்."

"போலீஸ்ல சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உங்க ஆபீஸுக்குச் சேதி போகும். உங்க ஆபீஸ் என்ன எழுதும்? வீடு பாதுகாப்பா இல்ல, பிள்ளைய அனுப்ப முடியாதுன்னு எழுதும். எழுதமாட்டீங்களா? சொல்லுங்க."

எழுதுவார்கள். வெர்னாவே எழுதியிருப்பாள்.

நாள் முழுக்க அவள் இரண்டு மனதாக இருந்தாள். சொன்னால், வேவு பார்த்ததற்கும் பார்க்காததைப் பார்த்ததாக எழுதியதற்கும் படிப்பு போய்விடும். அதோடு டெரல் சுற்றுகிற விஷயமும் வெளியே வந்து, கெல்சி பயந்தபடியே பிள்ளை வராமல் போனாலும் போகும். சொல்லாவிட்டால், இல்லாத ஆம்பிளை ஒருத்தன் அந்த வீட்டில் குடியிருந்துகொண்டே இருப்பான், ஐவி அலுவலக அறையிலேயே வளருவாள். யாரையும் நம்பாமல் நாற்பத்தாறு வயதுவரை வந்தவள் இப்போது யாரையாவது ஒருத்தரை நம்பியாக வேண்டும். மாலையில் ஓடெட்டின் அறைக்குப் போனாள்.

ஓடெட் எல்லாவற்றையும் கேட்டாள். மிட்டாயை வாயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினாள். வெர்னா அவள் முகத்தில் திருப்தி தெரிகிறதா என்று தேடினாள். பிடித்துவிட்டோம் என்ற திருப்தி. தெரிந்ததெல்லாம் களைப்பு.

"மூணாவது கட்டம் எதுக்கு வச்சிருக்கோம்னு நினைச்சீங்க?"

"எங்களைப் பிடிக்கறதுக்கு."

"அட கடவுளே." ஓடெட் கண்ணை மூடித் திறந்தாள். "சந்தேகப்படாம இந்த வேலையச் செய்ய முடியாது வெர்னா. நானும் தினம் படறேன். அதை அந்தக் கட்டத்துல எழுதியிருந்தா அது உங்க சந்தேகம், நான் உங்களைக் கேட்டிருப்பேன். நீங்க அதைத் தூக்கி இந்தக் கட்டத்துல போட்டீங்க. அது அவளோட குத்தமாயிடுச்சு."

"எனக்கு இப்ப என்ன ஆகும்?"

"உங்களுக்கா?" என்றாள் ஓடெட், கொஞ்சம் கோபமாகவே. "உங்களைப் பத்தி அப்புறம் பேசலாம்." தொலைபேசியை எடுத்துக் கோப்பு அதிகாரியைக் கூப்பிட்டாள்.

ஒருவழியாகக் காரியம் நேரானது, ஆனால் ஆமை வேகத்தில். டெரல் அந்தத் தெருப்பக்கமே வரக் கூடாது என்று உத்தரவு வாங்கினார்கள். அதை மீறி வந்தவனைப் போலீஸ் ஒருநாள் அள்ளிக்கொண்டு போனது. வெர்னாவின் வரியை அடித்துவிட்டு, அடித்ததற்கு விளக்கம் எழுதி, அந்த விளக்கத்தை மூன்று பேர் பார்த்துச் சம்மதிப்பதற்குள் குளிர்காலம் முடிந்துபோயிற்று. அதுவரை தாயும் மகளும் அலுவலக அறையில்தான். பல்கலைக்கழகம் வெர்னாவுக்குக் களப்பயிற்சியில் தேர்ச்சி இல்லை என்று சொல்லிவிட்டது. மறுவருடம் வேறொரு ஊர் மருத்துவமனையில் முதலிலிருந்து செய்ய விட்டார்கள். செய்தாள், மூன்று கட்டத்தையும் நிரப்பினாள், பட்டமும் வாங்கினாள். இன்றைக்கும் அங்கேதான் முதியவர்கள் பகுதியில் வேலை பார்க்கிறாள். நல்ல வேலைக்காரி என்கிறார்கள். பட்டமளிப்பில் தன் பெயரைச் சரியாகத்தான் வாசித்தார்களா என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம் இரண்டுமுறை கேட்டாளாம். அந்தக் குணம் மண்ணுக்குள்தான் போகும்.

ஆனால் அந்த வசந்தத்தில், குழந்தைகள் நல அலுவலகத்தைவிட்டுக் கிளம்பும் நாளில், அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். கெல்சியை ஒருமுறை பார்க்க வேண்டும். ஓடெட் கெல்சியைக் கேட்டாள். "வரட்டும்" என்றாள் கெல்சி.

ஐவியை வீட்டுக்கே கூட்டிப்போக வந்த நாள் அது. பொம்மைகள் கிடந்த அந்த அறையில் கெல்சி மகளின் காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த வரிய எழுதினது நான்தான் கெல்சி. என்னை மன்னிச்சிடு."

"தெரியும். அன்னைக்குக் காலைல உங்க மூஞ்சியப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு. அதுக்குள்ள பாவம், ஃப்ளோராவைக் கடையில வச்சுக் கண்டபடி ஏசிட்டேன்."

கெல்சி ஒரு சப்பாத்தை மாட்டிவிட்டு அடுத்ததை எடுத்தாள். "இவ இப்ப என்னை விட்டுப் போகும்போது அழறதில்ல, தெரியுமா? குளிர்காலத்துல கழுத்தை விடமாட்டா. அப்புறம் கைய ஆட்டிட்டு அந்தம்மாவோட கார்ல ஏறிப் போயிடுவா. நல்லா பழகிட்டா, சமத்துப் பொண்ணுன்னு இங்க எல்லாரும் சொன்னாங்க."

மன்னிப்புக் கேட்க வந்தவள் அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பாழும் குணம் விடவில்லை.

"நீயும் என்னை நம்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கெல்சி. நீயும்தானே என்னைச் சந்தேகப்பட்டே?"

கெல்சி நிமிர்ந்தாள். முதல்முறையாக அவள் பேச்சில் மரியாதை போயிற்று.

"ஆமா, பட்டேன். நான் உன்னை நம்பலன்னா உனக்கு ஒரு பரீட்சை போகும். நீ என்னை நம்பலன்னா எனக்குப் பிள்ளை போகும். ரெண்டும் ஒண்ணா?"

கெல்சி குனிந்து இரண்டாவது சப்பாத்தின் நாடாவைக் கட்டி முடித்து, ஐவியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.